சைக்கிளைப் பற்றி ஆங்கிலத்தில் இரண்டு நிமிடம் பேசுவது எப்படி?

கேள்வி சுருக்கமாக இதுதான். நர்ஸிங் முடித்தவர், இங்கிலாந்து போவதற்காக ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதுகிறார், இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. மாதிரித் தேர்வில் சைக்கிள் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். மூன்று வாக்கியத்தோடு வாயடைத்துவிட்டது. “சைக்கிளில் பேச என்ன இருக்கிறது? நல்ல பதில்களாக எழுதிக் கொடுங்கள், மனப்பாடம் செய்துகொள்கிறேன்” என்கிறார்.

எழுதித் தர மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஸ்பீக்கிங் வகுப்பு எடுக்கத் தொடங்கிய புதிதில் நானும் எழுதிக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரே பேட்சில் ஒன்பது பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து உட்கார்ந்து, “சைக்ளிங் இஸ் எ கிரேட் வே டு ஸ்டே ஃபிட், அண்ட் இட் இஸ் ஆல்ஸோ ஈகோ ஃப்ரெண்ட்லி” என்று ஒரே ராகத்தில் ஒப்பித்ததைக் கேட்ட அன்றோடு விட்டுவிட்டேன். எனக்கே அப்படிக் காது வலித்தது என்றால், நாள் முழுக்க இதையே கேட்கிற தேர்வாளருக்கு எப்படி இருக்கும்? ஒப்பிப்பது என்று தெரிந்த மறுநொடி அவர் வேறு கேள்விக்குத் தாவிவிடுவார். அங்கே உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

முதலில் இந்த ஸ்பீக்கிங் தேர்வின் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். மொத்தம் 11 முதல் 14 நிமிடம், மூன்று பகுதி. முதல் பகுதியில் உங்களைப் பற்றிய சின்னச் சின்னக் கேள்விகள், 4 அல்லது 5 நிமிடம். இரண்டாவதில் பேச வேண்டிய தலைப்பை எழுதிய ஒரு அட்டை தருவார்கள். ஒரு நிமிடம் யோசிக்கலாம், குறிப்பெடுக்கத் தாளும் பென்சிலும் உண்டு, பிறகு ஒன்று முதல் இரண்டு நிமிடம் நீங்கள் மட்டும் பேச வேண்டும். மூன்றாவதில் அதே விஷயத்தைப் பொதுவாக விவாதிப்பார்கள், 4 முதல் 5 நிமிடம். மதிப்பெண் நான்கு கணக்கில் விழும்: தங்குதடையில்லாமல் கோர்வையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நான்குக்கும் சமமான பங்கு. சைக்கிளைப் பற்றி உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்பதற்கு ஒரு மதிப்பெண்ணும் கிடையாது. இங்கிலாந்தில் நர்ஸாகப் பதிவு செய்ய ஸ்பீக்கிங்கில் ஒன்பதுக்கு 7 வேண்டும். மனப்பாடத்தை நம்பி அந்த 7-ஐத் தொட்டவரை நான் பார்த்ததில்லை.

இனி நான் எழுதும் ஆங்கில வாக்கியங்கள் எல்லாம் தமிழ் எழுத்தில்தான் இருக்கும். வேண்டுமென்றேதான் அப்படி எழுதுகிறேன். இது வாய்க்கான தேர்வு, ஸ்பெல்லிங்கை யாரும் பார்க்கப் போவதில்லை. படித்துவிட்டு நகராமல் ஒவ்வொன்றையும் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

“டிட் யூ ஹேவ் எ பைக் வென் யூ வேர் எ சைல்ட்?” என்று கேட்கிறார்கள். பெரும்பாலானவர்கள் சொல்வது: “யெஸ், ஐ ஹேட் எ பைசைக்கிள். பைசைக்கிள் இஸ் வெரி குட் ஃபார் ஹெல்த்.” அவர் உங்கள் சின்ன வயதைக் கேட்டார், நீங்கள் ஆரோக்கியத்துக்கு ஓடிவிட்டீர்கள். ஏன்? எட்டாம் வகுப்புக் கட்டுரைப் பழக்கம். சைக்கிள் என்றால் உடல்நலம், சுற்றுச்சூழல், பெட்ரோல் மிச்சம் என்ற மூன்று பெட்டிகளைத்தான் பள்ளிக்கூடம் நமக்குத் திறந்து காட்டியிருக்கிறது. அந்தப் பெட்டிகளைப் பூட்டிவிட்டு உண்மையைச் சொல்லுங்கள். “நாட் ரியலி. வீ யூஸ்ட் டு ரென்ட் ஒன் பை தி அவர் ஃப்ரம் எ ஷாப் நியர் த டெம்பிள். இட் வாஸ் மச் டூ பிக் ஃபார் மீ.” வாடகை சைக்கிள் எடுத்து ஒரு மணி நேரம் முடிவதற்குள் கடைக்கு ஓடிய ஞாபகம் இருக்கிறவர்களுக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை. மூன்று வாக்கியம் போதும். முதல் பகுதியில் ஒரு கேள்விக்கு அதற்கு மேல் இழுக்க வேண்டியதில்லை.

இங்கே ஒன்று கவனியுங்கள். சொல்வளம் என்றதும் நம் ஆட்கள் பெரிய பெரிய வார்த்தைகளைத் தேடிப் போகிறார்கள். “சஸ்டெயினபிள்” என்று ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வந்து எல்லா வாக்கியத்திலும் சொருகுகிறார்கள். நிஜமான வளம் வேறு இடத்தில் இருக்கிறது. குரங்குப் பெடல் போட்டிருக்கிறீர்களா? அதை ஆங்கிலத்தில் சொல்லுங்கள் பார்ப்போம். அதற்கு நேர்ச்சொல் கிடையாது. தேடவும் வேண்டாம். நடந்ததை அப்படியே விவரியுங்கள்: “மை ஃபீட் குடின்ட் ரீச் த பெடல்ஸ் ஃப்ரம் த சீட், ஸோ ஐ புட் ஒன் லெக் த்ரூ த ஃப்ரேம், அண்டர் த பார், அண்ட் ரோட் ஸ்டேண்டிங் அப்.” இதில் எந்த வார்த்தையும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆனால் ஒரு சொல் கைவசம் இல்லாதபோது, இருக்கிற சொற்களை வைத்துச் சுற்றி வளைத்துப் பொருளைச் சொல்லும் திறமை இதில் இருக்கிறது. தேர்வின் அளவுகோலில் அந்தத் திறமைக்குத் தனியாகவே இடம் கொடுத்திருக்கிறார்கள்.

அடுத்தது, தமிழிலிருந்து நேராக வந்து விழுகிற தப்புகள். சைக்கிள் விஷயத்தில் இவை நிறைய. ‘ஓட்டுவது’ என்ற ஒரே சொல்லை நாம் காருக்கும் சைக்கிளுக்கும் வைத்திருப்பதால் “ஐ டிரைவ் எ சைக்கிள்” என்று வந்துவிடுகிறது. ‘ரைட்’தான். இறந்தகாலம் ‘ரைடட்’ இல்லை, ‘ரோட்’, சாலையைச் சொல்கிற அதே ஒலி. அப்புறம் ‘ரிடன்’: “ஐ ஹேவன்ட் ரிடன் ஒன் சின்ஸ் ஐ லெஃப்ட் ஸ்கூல்.” காற்றடிக்க “ஃபில் ஏர்” என்கிறோம், அவர்கள் “பம்ப் அப் த டயர்ஸ்” என்பார்கள். செயின் கழன்றால் “த செயின் கேம் ஆஃப்”. பெல் அடிப்பது “ரிங் த பெல்”. பஞ்சர் ஆகிவிட்டது என்பதை “மை சைக்கிள் பிகேம் பஞ்சர்” என்று மொழிபெயர்க்காதீர்கள், “ஐ காட் எ பங்க்ச்சர்” என்றால் முடிந்தது. டபுள்ஸ் போவது அங்கே யாருக்கும் புரியாது. “மை பிரதர் ஸேட் ஆன் த பேக்” என்று சொல்லிவிட்டுப் போங்கள். “ஐ ஆம் ஹேவிங் எ சைக்கிள்” என்பது நம் ஊர் முத்திரை, “ஐ ஹேவ் எ பைக்” போதும்.

அந்த ‘பைக்’ என்ற சொல்லில்தான் பெரிய பள்ளம் இருக்கிறது. நமக்கு பைக் என்றால் ஹீரோ, யமஹா, பல்சர். தேர்வாளர் சைக்கிள் பற்றிக் கேட்கும்போது ‘பைக்’ என்றால் பெரும்பாலும் மிதிவண்டியைத்தான் சொல்கிறார். என்னிடம் படித்த ஒரு பையன், “ஹவ் ஆஃபன் டூ யூ ரைட் யுவர் பைக்?” என்று கேட்டதற்கு, தினமும் எண்பது கிலோமீட்டர், முப்பது நாளைக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவேன் என்று சரளமாக விளாசிவிட்டான். ஆங்கிலத்தில் குறையே இல்லை, வண்டிதான் வேறு. நல்லவேளை, அது மாதிரித் தேர்வு. உங்கள் வண்டி மோட்டார் வண்டி என்றால் ‘மோட்டர்பைக்’ என்று முழுதாகச் சொல்லுங்கள்.

உச்சரிப்பில் நாலே நாலு சொல் போதும். ‘பைசைக்கிள்’ என்று நாம் சொல்கிறோமே, அதில் நடுவில் ‘சை’ கிடையாது. பை-ஸி-க்ள். முதல் அசையில் அழுத்தம், கடைசியில் ‘கிள்’ என்று தனியாக ஒரு அசையை எழுப்பாமல் ‘க்ள்’ என்று விழுங்கிவிட வேண்டும். மோட்டர்சைக்கிளில் மட்டும் ‘சை’ அப்படியே இருக்கும். ஏன் என்று கேட்காதீர்கள், ஆங்கிலம் அப்படித்தான். ‘வெஹிக்கிள்’ என்பதில் ‘ஹ’ ஒலிக்காது, வீ-இ-க்ள். ‘பஞ்சர்’ நம் கடைப் பலகைச் சொல், அங்கே பங்க்ச்சர். நாலாவது ‘ப்ராப்ளி’: நாலில் மூன்று பேர் அந்தச் சொல்லை நடுவில் நொறுக்குகிறார்கள். ப்ரா-ப-ப்ளி என்று நிதானமாகச் சொல்லிப் பழகுங்கள். மற்றபடி தமிழ் வாடை அடிக்கிறதே என்று கவலை வேண்டாம். வெள்ளைக்காரர் மாதிரி பேசச் சொல்லி யாரும் கேட்கவில்லை, கேட்கிறவருக்குச் சிரமம் இல்லாமல் புரிய வேண்டும், அவ்வளவுதான்.

சரி, பயிற்சிக்கு வருவோம். என் வகுப்பில் முதல் வேலை பஞ்சர் கடைக்குப் போவது. சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே போகச் சொல்வேன். ஒரு பஞ்சர் ஒட்டுவதைப் பத்து நிமிடம் நின்று பாருங்கள். டயரை நெம்பி ட்யூபை உருவுகிறார். காற்றடிக்கிறார். தண்ணீர்ச் சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக முக்கிக்கொண்டே வருகிறார். குமிழி கிளம்புகிற இடத்தில் ஒரு குச்சியைச் செருகி அடையாளம் வைக்கிறார். துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதி, காயவிட்டு, ஒட்டுத் துண்டை வைத்து அழுத்துகிறார். வீட்டுக்கு வந்து இதை அப்படியே சொல்லுங்கள்: “ஹீ புல்ஸ் அவுட் த ட்யூப், பம்ப்ஸ் இட் அப், டிப்ஸ் இட் இன் எ பேஸின் ஆஃப் வாட்டர் அண்ட் வாட்சஸ் ஃபார் பபுள்ஸ். தென் ஹீ ரப்ஸ் த ஸ்பாட் வித் ஸேண்ட்பேப்பர், புட்ஸ் ஸம் க்ளூ ஆன் இட், வெயிட்ஸ் எ மினிட், அண்ட் ப்ரெஸ்ஸஸ் த பேட்ச் டவுன்.” வரிக்கு வரி வினைச்சொல்லின் வாலில் அந்த ‘ஸ்’ வந்ததா என்று பாருங்கள். ‘ஹீ’, ‘ஷீ’ வந்தால் ‘ஸ்’ என்று ஆறாம் வகுப்பிலிருந்து எல்லோருக்கும் தெரியும், வாய்தான் மறந்துவிடும். அதே கதையை மறுபடி ‘நேற்று’ என்று தொடங்கிச் சொல்லுங்கள்: புல்ட், பம்ப்ட், டிப்ட், ரப்ட், ப்ரெஸ்ட். அப்புறம் “இஃப் ஐ ஹேட் த டூல்ஸ், ஐ வுட் ஃபிக்ஸ் இட் மைஸெல்ஃப்” என்று ஒன்று சேருங்கள். ஒரே ட்யூபில் மூன்று இலக்கணப் பாடம்.

இரண்டாம் பகுதிதான் உங்களுக்குப் பயம் என்று தெரிகிறது. அதற்கு இருபது சைக்கிள் பதில் தேவையில்லை, உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரே ஒரு சைக்கிள் கதை போதும். மன்னார்குடிப் பக்கத்து மாணவி ஒருத்தி இருந்தாள். ப்ளஸ் ஒன்னில் அரசுப் பள்ளியில் தருகிற விலையில்லா மிதிவண்டிதான் அவள் கதை. ஒரு நிமிடத்தில் தாளில் அவள் எழுதியது இவ்வளவுதான்: ‘பஸ் 7.10 – நீலம் – மழை, செயின் – டீக்கடைத் தாத்தா – அம்மா, பால்.’ வாக்கியம் எழுதினால் வாசிக்கத் தோன்றும், கண் தாளிலேயே ஒட்டிக்கொள்ளும். சொல் எழுதினால் பேசித்தான் ஆக வேண்டும். தமிழில் எழுதினாலும் ஒன்றும் இல்லை, அந்தத் தாளுக்கு மதிப்பெண் கிடையாது.

அவள் பேசியதில் எனக்கு இன்றும் நினைவில் இருக்கிற வரிகள்: “தேர் வாஸ் ஒன்லி ஒன் பஸ், அட் டென் பாஸ்ட் செவன், ஸோ ஐ யூஸ்ட் டு ஸிட் அவுட்ஸைட் எ லாக்ட் கேட் ஃபார் மோர் தன் அன் அவர்.” பூட்டிய கேட்டுக்கு வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கும் பெண் கண்ணுக்குத் தெரிகிறாள் இல்லையா? அப்புறம் சைக்கிள் வந்தது. ஒரு மழை நாளில் செயின் கழன்றது: “ஐ ஹேட் நோ ஐடியா ஹவ் டு புட் இட் பேக் ஆன்.” டீக்கடைத் தாத்தா ஒரு குச்சியால் தள்ளி மாட்டிவிட்டார், காசு வாங்கவில்லை. கடைசியில்: “மை மதர் ரைட்ஸ் இட் நௌ. ஷீ டேக்ஸ் த மில்க் டு த டெய்ரி ஆன் இட் எவ்ரி மார்னிங்.” இரண்டு நிமிடம் போனதே தெரியவில்லை.

இந்த ஒரு கதை எத்தனை அட்டைக்குப் பொருந்துகிறது பாருங்கள். உங்களுக்குக் கிடைத்த பரிசு என்றால் சைக்கிள் வந்த நாளில் ஆரம்பிக்கலாம். முன்பின் தெரியாதவர் செய்த உதவி என்றால் மழையில் ஆரம்பிக்கலாம். போகும் வழியில் வண்டி பழுதான அனுபவம், வீட்டில் பல வருடமாக இருக்கிற பொருள், சின்ன வயதில் கற்ற ஒரு திறமை, எல்லாவற்றுக்கும் இதே மூட்டைதான், அவிழ்க்கிற முனைதான் வேறு. ஆனால் ஜாக்கிரதை. அட்டையில் நாலு வரி கேட்டிருப்பார்கள், அதற்குப் பதில் இருக்க வேண்டும். ‘உங்களுக்குப் பிடித்த ஆசிரியர்’ என்ற அட்டையில் சைக்கிளை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினால் காலி.

கதையைப் பழகுவதற்கு மொழி ஆசிரியர்களிடம் 4-3-2 என்று ஒரு பழைய பயிற்சி உண்டு. ஒரே விஷயத்தை முதலில் ஒருவரிடம் நாலு நிமிடம் பேசுவது, அடுத்து இன்னொருவரிடம் மூன்று நிமிடத்தில், அப்புறம் மூன்றாமவரிடம் இரண்டு நிமிடத்தில். நேரம் குறையக் குறைய ‘ம்ம்’, ‘அது வந்து’ எல்லாம் தானாக உதிர்ந்து, சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கேட்க மூன்று பேர் இல்லையா? ஃபோனில் பதிவு செய்யுங்கள். பிறகு கேட்டு, பேசியதை அப்படியே, தப்போடு, ஒரு தாளில் எழுதுங்கள். இந்த வேலை யாருக்கும் பிடிக்காது, தன் குரலைத் தானே கேட்பது ஒரு தண்டனை. ஆனால் எத்தனை ‘வெரி வெரி’, எத்தனை ‘அண்ட் தென்’ என்று உங்கள் கையெழுத்திலேயே பார்த்தால் அடுத்த தடவை நாக்கு தானே தயங்கும். ஒவ்வொரு முறையும் ஒரே வார்த்தைகள் வர வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். சம்பவம் ஒன்றாகவும் சொற்கள் வேறாகவும் வந்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள்.

மூன்றாம் பகுதி வேறு மாதிரி. அரசாங்கம் சைக்கிளை ஊக்குவிக்க வேண்டுமா? முன்பு மாதிரி ஏன் இப்போது ஆட்கள் ஓட்டுவதில்லை? இங்கே சொந்தக் கதையிலிருந்து ஒரு படி மேலே ஏற வேண்டும். தகவலுக்கு மதிப்பெண் இல்லை என்றேன், உண்மைதான். ஆனாலும் கையில் இரண்டு நிஜமான விஷயம் இருந்தால் பேச்சுக்குப் பிடிமானம் கிடைக்கும்.

ஒன்று நம் ஊர். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக்கொண்டது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். பல்லாயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள், பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. சைக்கிள் என்றால் ஆரோக்கியம் என்று ஆரம்பிக்கிற நூறு பேருக்கு நடுவில், “இன் மை பார்ட் ஆஃப் இண்டியா, த பைசிக்கிள் வாஸ் மோர் அபௌட் ஃப்ரீடம் தன் ஃபிட்னஸ், எஸ்பெஷலி ஃபார் விமன்” என்று தொடங்கிப் பாருங்கள்.

இன்னொன்று நெதர்லாந்து. மனிதர்களைவிடச் சைக்கிள் அதிகமுள்ள நாடு என்று எல்லோரும் சொல்வார்கள். அங்கேயும் அது எப்போதும் அப்படி இல்லை என்பதுதான் பேச உதவும் விஷயம். கார்கள் பெருகி, 1971-ல் மட்டும் சாலை விபத்துகளில் மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அதில் நானூறுக்கு மேல் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள், 1973-ல் எண்ணெய் நெருக்கடியும் வந்தது. அதற்குப் பிறகுதான் தனிப்பாதைகள் பெருகின. “இட் வாஸ்ன்ட் ஆல்வேஸ் லைக் தட்” என்ற ஒரு வரியிலிருந்து இதைச் சொல்லலாம். இலங்கைத் தமிழர்கள் என்றால் 2022-ல் பெட்ரோல் வரிசையைப் பார்த்துச் சலித்துச் சைக்கிளுக்குத் திரும்பியவர்களைச் சொல்லலாம், யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு அதற்கு முந்தைய, போர்க்காலப் பொருளாதாரத் தடையே நினைவிருக்கும்.

எதிர்ப்பக்கத்தையும் தொடுங்கள். வேலை கிடைத்ததும் நாம் முதலில் செய்வது என்ன? டூவீலருக்குத் தவணை கட்டுவது. அதன் பிறகு சைக்கிளில் போனால் “என்னாச்சு, வண்டி இல்லையா?” என்று கேட்பார்கள். “பீப்பிள் அஸ்யூம் யூ கான்ட் அஃபோர்ட் எனிதிங் பெட்டர்.” இந்த ஒரு வரியில் இருக்கிற உண்மை, மாசுக்கட்டுப்பாடு பற்றிய பத்து வரியில் வராது. கேள்வி புரியவில்லை என்றால் “ஸாரி, குட் யூ ஸே தட் அகெய்ன்?” என்று கேட்கலாம், அதற்கு மதிப்பெண் குறையாது. நடுவில் நிறுத்தினால் பயப்படாதீர்கள், அவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், அவ்வளவுதான்.

கடைசியாக, கேள்வியின் அடியில் ஒரு வரி சேர்த்திருந்தீர்கள்: “எனக்குச் சைக்கிள் ஓட்டவே தெரியாது, தெரியும் என்று பொய் சொல்லலாமா?” சொல்லலாம், உண்மையா என்று யாரும் சோதிக்கப் போவதில்லை. ஆனால் பொய்க்கு இரண்டு வேலை: கற்பனையும் பண்ண வேண்டும், மொழிபெயர்க்கவும் வேண்டும். தெரியாது என்பதே நல்ல பதில்தான். “ஆக்சுவலி, ஐ நெவர் லேர்ன்ட். ஐ ஃபெல் இன்டு எ டிச் ஆன் மை ஃபர்ஸ்ட் ட்ரை, அண்ட் மை கிராண்ட்மதர் லாக்ட் த பைக் அவே.” நீங்கள் எந்தப் பள்ளத்தில் விழுந்தீர்கள், யார் பூட்டி வைத்தார்கள் என்று இன்று ராத்திரி ஃபோனை எடுத்து ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். நாளைக்கு அதையே முக்கால் நிமிடத்தில்.